1/16 அளவில் மிக்-21 பிஸ்: கிட் இல்லாமல் முழுக்க நாமே செய்வதென்றால் எங்கே தொடங்குவது?

கரிக்கோல்:

வணக்கம் நண்பர்களே. பத்து வருடமாகப் பெட்டியில் வரும் மாடல் விமானக் கிட்களைத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் 1/48, இரண்டு மூன்று 1/32. இப்போது மனதில் ஒன்று உட்கார்ந்துகொண்டு இறங்க மறுக்கிறது. மிக்-21 போர் விமானத்தின் பிஸ் ரகத்தை 1/16 அளவில் (நிஜத்தில் பதினாறில் ஒரு பங்கு), காக்பிட், சக்கரக் குழிகள், எஞ்சின் குழாய் எல்லாம் உள்ளே தெரியும்படி, ஸ்க்ராட்ச் பில்டாக, அதாவது எல்லாப் பாகத்தையும் நானே உருவாக்கிச் செய்ய வேண்டும். மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டோ குழாயோடு (காற்று வேகத்தை அளக்க உதவுவது) சேர்த்தால் நீளம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும், மேசையில் இடம் இருக்கிறது.

ஒரு முறை தொடங்கி நிறுத்திவிட்டேன். வலையில் கிடைத்த மூன்று பார்வைப் படத்தை (மேல், பக்கம், முன் தோற்றங்கள்) 1/16க்குப் பெரிதாக்கி அச்செடுத்து, அதை வைத்து 1 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட்டில் பதினோரு பல்க்ஹெட் (உடலின் குறுக்குவெட்டு வடிவத் தட்டுகள்) வெட்டி முடித்த பிறகுதான் கவனித்தேன்: பக்கவாட்டுப் படத்தில் உடலின் நீளம், மேலிருந்து பார்க்கும் படத்தைவிட 18 மி.மீ. அதிகம். நிஜ விமானத்தில் அது கிட்டத்தட்ட 29 செ.மீ. எந்தப் படம் சரி என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வைத்துவிட்டேன். நான்கு வார வேலை.

என் கேள்விகள் இவை. வரைபடத்தை எப்படி நம்புவது? உடலை ஸ்டைரீனில் கட்டுவதா, மரத்தில் செதுக்குவதா? வெளித்தோலுக்கு அலுமினியத் தகடு ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்களே, அது முதல் முறை செய்பவருக்குச் சாத்தியமா? இந்த அளவில் யாராவது ஜெட் செய்திருந்தால் எந்த வரிசையில் செய்தீர்கள் என்று சொன்னால் பெரிய உதவி.

மரவட்டை:

கரிக்கோல், அந்தப் பதினோரு பல்க்ஹெட்டையும் தூக்கி எறியாதீர்கள், குறுக்குவெட்டு வடிவம் சரியாக இருந்தால் அவை நிற்கும் இடம்தான் மாறும்.

வரைபட விஷயத்தை முதலில் பேசிவிடுவோம், ஏனென்றால் மீதி எல்லாமே அதன் மேல்தான் நிற்கிறது. மிக்-21க்கு நீளத்தை ஆதாரமாக வைத்துக்கொள்ளவே கூடாது. புத்தகத்துக்குப் புத்தகம் நீளம் மாறும். ஒருவர் பிட்டோ குழாயைச் சேர்த்துச் சொல்வார், ஒருவர் சேர்க்காமல் சொல்வார், இன்னொருவர் எந்த ரகத்தின் நீளம் என்றே சொல்லமாட்டார். இறக்கை அகலம் அப்படி இல்லை, 7.154 மீட்டர் என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். 1/16ல் அது 447 மி.மீ. ஆக உங்கள் மேற்பார்வைப் படத்தில் ஒரு இறக்கை முனையிலிருந்து மறு முனைவரை 447 வருகிறதா என்று பாருங்கள். இறக்கையின் முன்விளிம்பு 57 டிகிரி சாய்வு, அதையும் கோணமானி வைத்துப் பாருங்கள். அகலம் சரியாக இருந்து சாய்வு தப்பாக இருந்தால் படம் நீளவாக்கில் இழுபட்டிருக்கிறது அல்லது அமுங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

பக்கவாட்டுப் படத்துக்கு இறக்கை அகலம் உதவாது. அதற்குச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிஸ் ரகத்தில் பின்சக்கர டயர் 800×200 மி.மீ., மூக்குச் சக்கரம் 500×180. உங்கள் அளவில் 50 மி.மீ. விட்டமும், 31 மி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலும். டயரைக் கிடைமட்டமாக அளக்கவேண்டும், செங்குத்தாக அளந்தால் சில படங்களில் தரையில் அமுங்கிய டயரை வரைந்திருப்பார்கள், ஏமாந்துவிடுவீர்கள். கிடைமட்டத்தில் 51 வந்தால் படம் 2 சதவீதம் இழுபட்டிருக்கிறது. நீங்கள் சொல்லும் 18 மி.மீ. கணக்கும் ஏறக்குறைய அந்த 2 சதவீதத்தில்தான் விழுகிறது, அதனால் எனக்குச் சந்தேகம் பக்கவாட்டுப் படத்தின் மேல்தான்.

இன்னொன்று, அச்சு இயந்திரம். தாளுக்குப் பொருந்தும்படி சுருக்கிக்கொள்ளும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் நூற்றுக்கு இரண்டு மூன்று சத்தம் போடாமல் காணாமல் போய்விடும். படத்தின் ஓரத்தில் நீளவாக்கில் 100 மி.மீ., அகலவாக்கில் 100 மி.மீ. என இரண்டு கோடுகள் வரைந்து, அச்செடுத்ததும் முதலில் அவற்றை வெர்னியரால் (துல்லிய அளவுகோல்) அளந்துவிட்டுத்தான் நான் கத்தியையே எடுப்பேன்.

அப்புறம் கட்டுமானம். மரத்தில் முழுசாகச் செதுக்குவது அழகான வேலைதான், ஆனால் உங்களுக்கு உள்ளே எல்லாம் தெரியவேண்டும் என்கிறீர்கள், அப்படியானால் செதுக்கிய மரத்தைக் குடையவேண்டி வரும். பல்க்ஹெட் வைத்து மேலே பட்டை ஒட்டும் முறைதான் உங்களுக்கு. நான் செய்யும் விதம் இது: ஒவ்வொரு பல்க்ஹெட்டையும் வெட்டும்போதே கீழே இரண்டு கால்கள் விட்டு வெட்டுவேன், எல்லாக் கால்களின் அடியும் ஒரே மட்டத்தில் வரும்படி. வளையாத, நேரான ஒரு பலகையில் நடுக்கோடு போட்டு, கால்களை அதில் நிற்கவைத்து, எல்லாவற்றையும் நீளவாட்டுப் பட்டைகளால் கட்டிப்போட்டு, தோல் பாதிக்கு மேல் ஏறிய பிறகுதான் கால்களை அறுப்பேன். நடுவில் ஒரு குழாயைக் கோர்த்து நேராக்கும் முறையும் உண்டு, ஆனால் மிக்-21ல் அது தொந்தரவு. மூக்கில் நுழையும் காற்று காக்பிட்டின் இரண்டு பக்கமும் பிரிந்து போய்ப் பின்னால் மறுபடி சேர்கிறது, அந்த நடுக்குழாய் சரியாக விமானியின் மடியில் வந்து நிற்கும்.

வரிசை கேட்டீர்கள். மூடுவதற்கு முன் உள்ளே இருக்கவேண்டியது எல்லாம் உள்ளே இருக்கவேண்டும்: காற்று நுழையும் வழியும் கூம்பும், காக்பிட் தொட்டி, மூக்குச் சக்கரக் குழி, பின்சக்கரக் குழிகள், மூன்று ஏர்பிரேக் (வேகம் குறைக்க விரியும் தகடு) குழிகள், பின்னால் எஞ்சின் குழாய். இதில் பின்சக்கரக் குழிதான் இந்த விமானத்தின் உயிர். கால் இறக்கைக்குள் மடங்குகிறது, சக்கரம் மட்டும் திரும்பிக்கொண்டு உடலுக்குள் போய் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கிறது. உடலின் பக்கத்தில் அந்தப் புடைப்பு இருப்பது அதற்காகத்தான். ஆரம்ப எஃப்-13 ரகத்தில் டயர் 660 மி.மீ., அதனால் புடைப்பும் சிறியது, பெரிய டயர் வந்ததும் புடைப்பும் பெருத்தது. பல மாடல்களில் இந்தக் குழியை வெறும் பெட்டியாக விட்டுவிடுகிறார்கள், பார்க்கும்போது வலிக்கிறது.

தகடு மாமா:

மரவட்டை சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன், தகட்டைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

முதல் முறை செய்பவருக்குச் சாத்தியமா என்றால், சாத்தியம். கஷ்டமும் உண்டு, முதல் பத்துத் துண்டு குப்பைக்குப் போகும், போகட்டும். அச்சகங்களில் ஆஃப்செட் அச்சுக்குப் பயன்படுத்திக் கழித்துப்போடும் அலுமினியத் தகடுதான் எல்லோரும் எடுப்பது. தடிமன் 0.15 முதல் 0.3 மி.மீ. வரை கிடைக்கும், உங்கள் அளவுக்கு 0.15 எடுங்கள். ஒரு பக்கம் பூச்சு இருக்கும், அதைத் துடைத்துவிட்டு இன்னொரு பக்கத்தை வெளிப்பக்கமாக வையுங்கள்.

தகடு வரும்போது விறைப்பாக இருக்கும், வளைத்தால் எகிறும். தீயில் காட்டி இளக்கவேண்டும். எவ்வளவு சூடு என்பதற்குத் துணி சோப்பே போதும். தகட்டின் மேல் சோப்பால் கோடு கிழித்து, மறுபக்கத்திலிருந்து தீயை அசைத்து அசைத்துக் காட்டுங்கள், சோப்புக் கோடு கருத்தவுடன் நிறுத்திவிட்டுத் தானாக ஆற விடுங்கள். அதற்கு மேல் ஒரு கணம் கூடினாலும் இந்தத் தடிமனில் தகடு சுருண்டு உருகிவிடும். இளகிய தகடு விரலுக்குக் கீழே துணி மாதிரி படியும், புடைப்புகளின் மேல் மரக்கரண்டியின் பின்புறத்தால் மெல்லத் தேய்த்துத் தேய்த்து வடிவத்துக்குக் கொண்டுவரலாம்.

ஒட்டுவதற்கு கான்டாக்ட் பசை, இரண்டு பக்கமும் மெல்லிசாக, கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு. வைத்தால் வைத்ததுதான், நகர்த்த முடியாது, ஆகவே பென்சில் கோடு போட்டுக்கொண்டு ஒரு ஓரத்திலிருந்து உருட்டிக்கொண்டே வாருங்கள். தகடு தனியாக இருக்கும்போதே ரிவெட் வரிசையைப் பின்பக்கமிருந்தோ முன்பக்கமிருந்தோ பல்சக்கரம் ஓட்டிப் பதித்துவிடுங்கள். நிஜத்தில் 20 மி.மீ. இடைவெளி என்றால் உங்களுக்கு 1.25 மி.மீ. எல்லா வரிசைக்கும் ஒரே இடைவெளி ஓட்டாதீர்கள், கழற்றி மாட்டும் கதவுகளைச் சுற்றி இருப்பது ரிவெட் இல்லை, திருகுகள், அவை கொஞ்சம் பெரிதாகத் தெரியும். இந்த வித்தியாசத்தைக் காட்டினாலே போதும், மாடலுக்கு உயிர் வரும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தகடு பள்ளத்தை மறைக்காது, பெரிதாக்கிக் காட்டும். கீழே இருக்கும் ஸ்டைரீன் உடலுக்குப் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்து, விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்து, பெயின்ட் அடிக்கப்போகும் மாடல் என்று நினைத்துக்கொண்டே தயார்செய்யுங்கள். அதற்கு மேல்தான் தகடு.

மீன்கொத்தி:

நான் வேறு மாதிரி செய்பவன், அதையும் சொல்லிவிடுகிறேன். உடலும் இறக்கையும் கையால் கட்டுங்கள், ஆனால் இருக்கை, கருவிப் பலகை, சக்கரம், பெடல் இவற்றையெல்லாம் கணினியில் வரைந்து ரெசின் பிரின்டரில் எடுத்தால் மாதக்கணக்கில் நேரம் மிச்சம். இந்த விமானத்தின் கேஎம்-1 இருக்கையை (ஆபத்தில் விமானியை வெளியே எறியும் இருக்கை) ஸ்டைரீன் துண்டுகளால் செய்துபார்த்தவர்களுக்குத் தெரியும், எத்தனை பட்டை, எத்தனை குழாய், எத்தனை கொக்கி.

பிரின்ட் எடுத்தால் ஸ்க்ராட்ச் பில்ட் இல்லை என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். யாரோ வரைந்த கோப்பை இறக்கி அச்செடுத்தால் அவர்கள் சொல்வது நியாயம். நாமே புகைப்படத்திலிருந்து அளந்து, ஒவ்வொரு கோடாக வரைந்து எடுத்ததை வேறு என்னவென்று சொல்வது? அரத்துக்குப் பதில் மவுஸ், அவ்வளவுதான்.

நடைமுறை விஷயங்கள்: பிரின்ட்டைக் கழுவி முழுதாகக் கடினமாக்காமல் ஒட்டினால் மாதம் கழித்து உள்ளிருந்து ஒழுகிப் பெயின்ட்டைத் தூக்கும், குறிப்பாக உள்ளே வெற்றிடம் விட்ட பாகங்கள். கடினமாகாத ரெசினைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், உப்புத்தாள் போடும்போது முகமூடி, முடிந்தால் தண்ணீர் தொட்டு. பாரம் தாங்கும் எதையும் பிரின்டில் எடுக்காதீர்கள். சக்கரக் கால்களுக்கு உள்ளே கட்டாயம் உலோகம்.

மரவட்டை:

மீன்கொத்தி சொன்ன கடைசி வரியைப் பிடித்துக்கொள்கிறேன். இந்த அளவு மாடல் தகடெல்லாம் ஏறியபின் நல்ல கனமாகிவிடும், அது முழுக்க மூன்று மெல்லிய கால்களில் நிற்கவேண்டும், வருடக்கணக்கில். பித்தளைக் குழாய்க்குள் எஃகுக் கம்பி, மூட்டுகளில் சூப்பர் குளூ வேண்டாம், சால்டர். பின்கால் மாட்டும் இடத்தில் இறக்கைக்குள் கடினமான மரக்கட்டை ஒன்றை வைத்து, அந்தக் கட்டையை இறக்கையின் ஸ்பாரோடு (இறக்கைக்குள் ஓடும் முதுகெலும்பு) இணைத்துவிடுங்கள். ஸ்பாரே பித்தளைக் குழாயாக இருந்து உடலைக் குறுக்கே கடந்துபோனால் இறக்கையைக் கழற்றி மாட்டவும் வசதி. இரண்டு டிகிரி கீழ்நோக்கிய சாய்வை அந்தக் குழாயிலேயே வளைத்துவிடுங்கள், பிறகு கண்ணால் பார்த்து ஒட்டினால் இரண்டு பக்கமும் ஒன்றாக வராது.

மூக்கில் எடை போட மறக்கவேண்டாம். காற்று வழி திறந்திருப்பதால் மூக்கில் இடமே இருக்காது, காக்பிட் தரைக்கு அடியிலும் பக்கக் குழாய்களுக்கும் தோலுக்கும் இடையிலும் ஈயத் தகட்டைத் திணிக்கவேண்டும். மூடும் முன் உடலைப் பின்சக்கரங்கள் வரும் இடத்தில் ஒரு குச்சியின் மேல் நிறுத்திப் பாருங்கள், எந்தப் பக்கம் சாய்கிறது என்று. வாலுக்கு இன்னும் தகடு ஏறவேண்டும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தாராளமாகவே போடுங்கள்.

ஸ்டைரீனை ஒட்டும் திரவம் உள்ளே சிக்கிக்கொண்டால் வாரக்கணக்கில் ஆவியாகிக்கொண்டே இருக்கும், பிளாஸ்டிக்கை இளக்கி இணைப்புக் கோடுகள் உள்வாங்கும். என் முந்தைய மாடல் ஒன்றில் பெயின்ட் முடிந்து இரண்டு மாதம் கழித்து ஒவ்வொரு பல்க்ஹெட்டும் வெளியே வரியாகத் தெரிந்தது. இப்போது எல்லா பல்க்ஹெட்டிலும் துளை போட்டு, எஞ்சின் குழாய் வழியாகக் காற்று வெளியேற வழிவிட்டு, தோல் ஏறியபின் குறைந்தது ஒரு மாதம் தொடாமல் வைக்கிறேன். ஒட்டும்போது ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்காரர்:

யாரும் கேனப்பியை, அதாவது காக்பிட்டின் மேலே திறக்கும் கண்ணாடி மூடியைத் தொடவில்லையே. பெரிய அளவில் எல்லோருடைய கண்ணும் முதலில் போவது அங்கேதான்.

பிஸ் ரகத்தில் முன்கண்ணாடி நிலையாக நிற்கும், கேனப்பி வலது பக்கம் கீல் வைத்துத் திறக்கும். எஃப்-13ல் இப்படிக் கிடையாது, முழுக் கண்ணாடியும் ஒன்றாக முன்னால் எழும்பும். படம் சேகரிக்கும்போது இந்த இரண்டையும் கலந்துவிடாதீர்கள். பிட்டோ குழாயும் அப்படித்தான். எஃப்-13ல் மூக்கின் கீழே, பிஸ்ஸில் மேலே வலப்பக்கம் தள்ளி. பத்தாயிரத்துக்கும் மேல் தயாரான விமானம், ரகங்கள் ஏராளம், ஆகவே ஒரே ஒரு விமானத்தை, அதன் எண்ணோடு தேர்ந்தெடுத்து அதன் படங்களையே ஆதாரமாக வையுங்கள். அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானம் என்றால் அதன் பெயின்ட்டையும் டயரையும் நம்பாதீர்கள், வடிவத்தை நம்பலாம். படம் எடுக்கும்போது தூரத்தில் நின்று ஜூம் செய்து எடுங்கள், பக்கத்தில் நின்று எடுத்தால் மூக்கு வீங்கித் தெரியும்.

கேனப்பிக்கு அச்சு செய்யும்போது கண்ணாடியின் தடிமன் அளவுக்கு அச்சைச் சிறிதாக்கவேண்டும், 1 மி.மீ. பெட்ஜி (PETG) எனும் ஒளிபுகும் பிளாஸ்டிக் ஷீட் என்றால் சுற்றிலும் கிட்டத்தட்ட 1 மி.மீ. இதை விட்டுவிட்டால் கடைசியில் கேனப்பி உடலைவிட அகலமாக உட்காரும். மரத்தில் அச்சு செய்தால் மர வரிகள் சூடான ஷீட்டில் அப்படியே பதியும், அதனால் ரெசினில் வார்த்து, 400ல் தொடங்கி 3000 வரை உப்புத்தாள் இறக்கி, பாலிஷ் போட்டு, நகத்தால் வருடினாலும் எதுவும் தட்டக்கூடாது. ஷீட் தொய்யும்வரை சூடாக்கி அச்சின் மேல் இழுத்து, கீழே வேக்குவம் வைத்துக் காற்றை உறிஞ்சவேண்டும். ஆறு எடுத்தால் ஒன்று நன்றாக வரும்.

முன்கண்ணாடியின் நடுப்பகுதி தட்டையான தடித்த குண்டு துளைக்காத கண்ணாடி. அதை வளைத்த ஷீட்டிலேயே எடுக்காமல் நடுவை வெட்டிவிட்டு, 2 மி.மீ. அக்ரிலிக் துண்டைத் தனியாகப் பொருத்துங்கள். ஓரங்களைப் பாலிஷ் செய்தால் அந்தத் தடிமன் பக்கவாட்டில் பச்சையாக மின்னும் மாதிரி மெல்லிய பச்சைப் பூச்சு கொடுக்கலாம். காக்பிட்டின் உள்ளே நீலமும் பச்சையும் கலந்த அந்த நிறத்துக்குப் பக்கத்தில் இது மிக அழகாக இருக்கும்.

கரிக்கோல்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு வெர்னியரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேற்பார்வைப் படத்தில் இறக்கை 447, சாய்வு 57, இரண்டும் சரி. பக்கவாட்டுப் படத்தில் பின்சக்கரம் கிடைமட்டமாக 51, செங்குத்தாக 50. மரவட்டை சொன்னபடியே நீளவாக்கில் மட்டும் இழுபட்டிருக்கிறது. நீளத்தை மட்டும் 98 சதவீதமாக்கி மறுபடி அச்செடுத்தேன், இரண்டு படமும் அரை மி.மீ.க்குள் ஒத்துப்போகின்றன. உயரம் மாறவில்லை, ஆகவே பதினோரு பல்க்ஹெட்டில் ஒன்பது அப்படியே பயன்படும், இரண்டை மட்டும் மறுபடி வெட்டவேண்டும், அவை புடைப்பு தொடங்கும் இடத்தில் வருபவை.

தீர்மானங்கள்: பல்க்ஹெட்டும் பட்டையும், தோல் தகட்டில், இருக்கையையும் கருவிப் பலகையையும் நானே வரைந்து பிரின்ட். சக்கரக் குழியில் முதல் வேலை. வெட்டிவிட்ட பல்க்ஹெட்களுக்குக் கால் இல்லை, தனியாகக் கால் ஒட்டினால் தாங்குமா?

மரவட்டை:

தாங்கும். 2 மி.மீ. ஷீட்டில் கால் வெட்டி, பல்க்ஹெட்டின் பின்முகத்தில் குறைந்தது 20 மி.மீ. மேலேறும்படி ஒட்டுங்கள், ஓரத்தோடு ஓரம் ஒட்டவேண்டாம். ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு பல்க்ஹெட்டிலும் கிடைமட்ட ஆதாரக் கோடு ஒன்று கீறிக்கொள்ளுங்கள், பலகையிலிருந்து அந்தக் கோடுவரை உள்ள உயரம் எல்லாவற்றிலும் ஒன்றாக வரவேண்டும். பலகையில் நிறுத்தியதும் படம் போடுங்கள், பட்டை ஒட்டும் முன் எல்லோரும் ஒரு முறை பார்த்துவிடுவோம்.